தமிழ்நாட்டில் உள்ளாட்சி அறிவிப்புகள்

உள்ளாட்சி அறிவிப்பு என்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் வாழும் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டிய செய்திகளை முறைப்படி அறியச் செய்வதாகும். கூட்டம் நடைபெறும் நாள், வரி விதிப்பு, குடிநீர் வழங்கல், ஒப்பந்தப்புள்ளி, ஏலம், பயனாளிகள் தேர்வு, நோய்த்தடுப்பு, வெள்ள எச்சரிக்கை போன்றவை இவ்வாறு அறிவிக்கப்படுகின்றன. பெரும்பாலான அறிவிப்புகளுக்கு ஒரு காலக்கெடு உண்டு. கெடு முடிந்தபின் கிடைக்கும் அறிவிப்பால் பயன் இல்லை. எனவே ஓர் அறிவிப்பு வெளியிடப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அது உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ந்ததா என்பது மற்றொரு கேள்வி. முதலாவதைச் சட்டங்கள் விரிவாக வரையறுக்கின்றன. இரண்டாவது பெரிதும் ஊரின் அமைப்பையும் நடைமுறையையும் பொறுத்தே அமைகிறது.

இக்கட்டுரை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கச்சிராயபாளையத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு தமிழ்நாட்டில் நிலவும் அறிவிப்பு முறைகளை விளக்குகிறது. பேரூராட்சி, அணை, மலைக் கிராமங்கள் ஆகிய மூன்றும் இங்கு அருகருகே அமைந்துள்ளதால், ஒரே செய்தி மூன்று வகையான மக்களை எவ்வாறு சென்றடைகிறது என்பதை இங்குக் காண இயலும்.

வரலாறு

பண்டைக்காலம்

செய்தியை முரசறைந்து ஊருக்கு அறிவிக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையான விழாவறை காதை, இந்திரவிழாவின் தொடக்கம் புகார் நகர மக்களுக்கு முரசறைந்து அறிவிக்கப்படுவதைக் கூறுகிறது.

எழுத்து வழி அறிவிப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஆகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையும், உறுப்பினராகத் தகுதியுடையோர், தகுதியற்றோர் யாவர் என்பதையும் விரிவாகத் தருகின்றன. பலரும் வந்து செல்லும் பொது இடத்தின் சுவரில் அழியாத வகையில் விதிகள் பொறிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், அவ்விடத்திற்குள் வர இயன்றவர்களுக்கும் மட்டுமே அது நேரடியாகப் பயன்பட்டிருக்கும். இந்த வரம்பு பிற்கால அறிவிப்புப் பலகைக்கும் பொருந்தும்.

தண்டோரா

பறை அல்லது தமுக்கை அடித்துத் தெருத்தெருவாகச் செய்தி அறிவிப்பது தண்டோரா எனப்பட்டது. பிரித்தானியர் ஆட்சிக்காலச் சட்டங்கள் பலவும், அவற்றைப் பின்பற்றி எழுந்த விதிகளும் ஏலம், வரி நிலுவை, நில எடுப்பு போன்றவற்றைத் தண்டோரா மூலம் அறிவிக்க வேண்டும் எனக் குறிப்பிட்டன. எழுத்தறிவு குறைவாக இருந்த காலத்தில் அனைவரையும் சென்றடையும் முறையாக இது இருந்தது.

எனினும் இப்பணி ஊர்களில் குறிப்பிட்ட சாதியினர் மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. இக்காரணத்தால் இம்முறைக்கு நீண்டகாலமாக எதிர்ப்பு இருந்து வந்தது. 2022 ஆகத்து மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடுவதைத் தடை செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் அனுப்பினார். ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்கள் மூலம் மூலை முடுக்குகளுக்கும் செய்தியைக் கொண்டு செல்ல முடியும் என்பதால் தண்டோரா தொடர வேண்டிய தேவை இல்லை என்பது அக்கடிதத்தின் சாரம் ஆகும்.

சட்ட அடிப்படை

அரசியலமைப்புத் திருத்தங்கள்

இந்திய அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம் ஊரக உள்ளாட்சிகளுக்கும், 74 ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் அரசியலமைப்பு நிலையை வழங்கின. இவை முறையே 1993 ஏப்ரல் 24 அன்றும், 1993 சூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன.

இவ்விரு திருத்தங்களுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உள்ளது. ஊரகப் பகுதியில், வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் உறுப்பினராக உள்ள கிராம சபை என்ற அமைப்பை 73 ஆவது திருத்தம் ஏற்றுக்கொண்டது. நகர்ப்புறத்திலோ, மூன்று இலட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் மட்டுமே வார்டு குழுக்கள் கட்டாயமாக்கப்பட்டன. இதனால் சிறு நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றின் மக்கள், உள்ளாட்சிச் செய்திகளை நேரில் கேட்டுக் கேள்வி எழுப்பும் மன்றம் ஒன்றைச் சட்டப்படி பெறவில்லை.

கிராம சபை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூட்டப்பட வேண்டும். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் கூட்டம் நடத்துவது வழக்கமாக இருந்தது. 2022 ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என அறிவிக்கப்பட்டது. கூட்டத்தின் இடமும் நேரமும் ஏழு நாள்களுக்கு முன்னதாக மக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கூட்டம் செல்லுபடியாவதற்கான குறைந்தளவு வருகை ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது.

* 500 பேர் வரை: 50 பேர்
* 501 முதல் 3,000 பேர் வரை: 100 பேர்
* 3,001 முதல் 10,000 பேர் வரை: 200 பேர்
* 10,000 பேருக்கு மேல்: 300 பேர்

இவ்வெண்ணிக்கையை எட்ட வேண்டுமாயின் அறிவிப்பு உண்மையிலேயே மக்களைச் சென்றடைந்திருக்க வேண்டும். ஆகவே குறைந்தளவு வருகை விதி, அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்பதைச் சோதிக்கும் அளவுகோலாகவும் பயன்படுகிறது. நாள்கள் முன்னரே நிலையாக வரையறுக்கப்பட்டிருப்பதும் ஒரு நன்மையாகும். அறிவிப்பைக் காணாதவரும் அந்நாளில் கூட்டம் உண்டு என்பதை அறிந்திருப்பார்.

பேரூராட்சிகளின் நிலை

பேரூராட்சி என்பது ஊரக நிலையிலிருந்து நகர்ப்புற நிலைக்கு மாறிவரும் ஊர்களுக்கான உள்ளாட்சி அமைப்பு ஆகும். இதன் நிருவாகத்தைச் செயல் அலுவலர் கவனிக்கிறார். மன்றத்திற்குப் பேரூராட்சித் தலைவர் தலைமை வகிக்கிறார்.

2004 சூன் மாதத்தில் தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006 சூலையில் அவை மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன. 2022 பெப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றபோது மாநிலத்தில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன.

வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022 சூன் மாதத்தில் வெளியிடப்பட்டன. இதன்படி நகர்ப்புற வார்டு ஒவ்வொன்றும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அப்பகுதி வாக்காளர்கள் கூடும் பகுதி சபைகள் அமைக்கப்படும். வார்டு குழுவிற்கு அவ்வார்டின் மன்ற உறுப்பினர் தலைவராவார். 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளையொட்டி நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடைபெற்ற கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். 1998 இல் இயற்றப்பட்டு நீண்டகாலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், அதற்கான விதிகளுடன் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது.

தகவல் உரிமையும் ஒப்பந்தப்புள்ளியும்

தமிழ்நாடு 1997 ஆம் ஆண்டிலேயே தகவல் பெறும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 4 ஆவது பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் பணிகள், வரவு செலவுத் திட்டம், மானியத் திட்டப் பயனாளிகள் முதலிய விவரங்களை எவரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குக் கட்டுப்பட்டவை.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 இன்படி ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் ஒப்பந்தப்புள்ளி இதழில் வெளியிடப்பட வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையான பணிகளுக்குக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள்களும் கால இடைவெளி தரப்பட வேண்டும் என 2000 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவ்வறிவிப்பு ஒப்பந்தக்காரர்களை நோக்கியது. எனினும் தம் தெருவில் போடப்படவிருக்கும் சாலையின் மதிப்பீட்டை அறிய விரும்பும் குடியிருப்பாளருக்கும் இது பயன்படும்.

அறிவிப்பு முறைகள்

தற்காலத்தில் பின்வரும் முறைகள் வழக்கில் உள்ளன.

* அறிவிப்புப் பலகை: அலுவலக வாயிலில் உள்ள பலகையில் ஒட்டப்படுவது. சட்டத் தேவையை நிறைவு செய்ய எளிய முறை. அலுவலகத்திற்கு வருவோர் மட்டுமே காண்பர்.
* ஒலிபெருக்கி: ஆட்டோ அல்லது சிறு சரக்கு வாகனத்தில் பொருத்தித் தெருக்களில் அறிவிப்பது. குடிநீர் நிறுத்தம், வரி செலுத்தக் கடைசி நாள், மருத்துவ முகாம், வெள்ள எச்சரிக்கை ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. வேலைக்குச் சென்றவர்கள் கேட்க வாய்ப்பில்லை.
* துண்டறிக்கை, சுவரொட்டி: முகாம்கள், கணக்கெடுப்புகள் போன்றவற்றுக்கு.
* நாளிதழ்கள்: தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் மன்றக் கூட்டச் செய்திகள், மின்தடை அறிவிப்புகள், அணைகளின் நீர்மட்டம் ஆகியவை வெளியாகின்றன.
* பணியாளர்கள்: தூய்மைப் பணியாளர், குடிநீர்த் தொட்டி இயக்குநர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம உதவியாளர் ஆகியோர் வாய்மொழியாகத் தெரிவிப்பது. எந்த விதியிலும் விரிவாக எழுதப்படாவிட்டாலும், முதியோரையும் எழுத்தறியாதோரையும் நம்பகமாகச் சென்றடையும் வழி இதுவே எனலாம்.
* கைபேசி: குறுஞ்செய்தி, வாட்சப் குழுக்கள், இணையத்தளங்கள், செயலிகள். விரைவானவை, ஆனால் அலைபேசிக் கோபுர வசதியையும் குழுவில் சேர்க்கப்பட்டிருப்பதையும் பொறுத்தவை.

ஒலிபெருக்கிப் பயன்பாடு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 க்கு உட்பட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. பொது நெருக்கடிக் காலத்திற்கு விலக்கு உண்டு. எனவே நள்ளிரவில் வெள்ள எச்சரிக்கை விடுப்பதற்கு இவ்விதி தடையாகாது.

கச்சிராயபாளையம் பகுதி

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயற்படத் தொடங்கியது. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை ஆகியன இம்மாவட்டத்தின் நகராட்சிகள். சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், மணலூர்பேட்டை, வடக்கனந்தல் ஆகியன பேரூராட்சிகள். கச்சிராயபாளையம், வடக்கனந்தல் பேரூராட்சிக்கு உட்பட்டதாகும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்திற்கு அருகே இவ்வூர் உள்ளது. கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கு அமைந்துள்ளது. கரும்பு உழவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், மலையிலிருந்து சந்தைக்கும் மருத்துவத்திற்கும் இறங்கி வருவோர் எனப் பல தரப்பினரும் கூடும் ஊர் இது.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் இல்லாத காலம்

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் தனி அலுவலர்கள் நிருவாகத்தைக் கவனித்தனர். 2019 திசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. இங்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் ஊரகத் தேர்தல் நடைபெற்றது. பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் 2022 பெப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடைபெற்றது; உறுப்பினர்கள் மார்ச் 2 அன்று பதவியேற்றனர்.

ஆகவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதி மக்களுக்கு வார்டு உறுப்பினர் என எவரும் இல்லை. அறிவிப்புக் கோணத்தில் இது முக்கியமானது. வார்டு உறுப்பினர் தெருவில் வாழ்பவர். மன்றத்தில் பேசப்பட்டது என்ன என்பதை வீட்டு வாயிலிலேயே அவரிடம் கேட்க முடியும். தனி அலுவலர் பல பொறுப்புகளுடன் அலுவலகத்தில் இருப்பவர். கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 அக்டோபர் 2 அன்று நடைபெறவிருந்த கிராம சபைக் கூட்டங்களும் மாநிலம் முழுவதும் ரத்து செய்யப்பட்டதால், அந்த ஆண்டில் ஊரக மக்கள் மற்றொரு வாயிலையும் இழந்தனர்.

சொத்து வரி உயர்வு, 2022

புதிய மன்றங்கள் பதவியேற்ற ஒரு மாதத்திற்குள், 2022 ஏப்ரல் தொடக்கத்தில், நகர்ப்புற உள்ளாட்சிகளின் சொத்து வரியை உயர்த்தும் அரசின் முடிவு அறிவிக்கப்பட்டது. பொதுவாக 600 சதுர அடி வரையான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்வு இருந்தது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி, மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்டு, அதன்பின் நடைமுறைப்படுத்தின.

இங்கு இரு செய்திகள் உள்ளன. வரி உயர்கிறது என்பது முதலாவது. அது எல்லா நாளிதழ்களிலும் வெளியாயிற்று. குறிப்பிட்ட நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்பது இரண்டாவது. நடைமுறையில் குடியிருப்பாளரின் கையில் உள்ள அதிகாரம் இரண்டாவது செய்தியில்தான் அடங்கியுள்ளது. அளவு தவறாகக் குறிக்கப்பட்ட வீட்டின் உரிமையாளர் கெடுவுக்குள் விண்ணப்பித்தால் திருத்தம் எளிது. கேட்புச் சீட்டு வந்தபின் அலைச்சல் கூடும்.

கல்வராயன் மலை

கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் பரவியுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி ஆகும். இங்குப் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். முன்னர் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த இம்மலை, 1970களில்தான் முழுமையாக அரசின் நேரடி நிருவாகத்திற்குள் வந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதி கல்வராயன் மலை ஊராட்சி ஒன்றியமாக, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் மலைச்சரிவுகளில் தொலைவு தொலைவாக அமைந்துள்ளன. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிய தாள் அடுத்த குக்கிராமத்திற்குத் தெரியாது. அலைபேசித் தொடர்பும் எல்லா இடங்களிலும் சீராக இல்லை. சமவெளியில் ஒரு மணி நேரத்தில் பரவும் செய்தி இங்கு ஒரு நாள் எடுப்பது வியப்பன்று.

இம்மலை மக்களுக்கு அறிவிப்பின் இன்றியமையாமையை வன உரிமைச் சட்டம், 2006 நன்கு காட்டுகிறது. இச்சட்டத்தின்படி வன நிலத்தில் தலைமுறைகளாகப் பயிரிட்டு வருவோரின் உரிமையைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்குவது கிராம சபையே. சபை கோரிக்கைகளை வரவேற்று அறிவித்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் உரிய சான்றுகளுடன் விண்ணப்பிக்க வேண்டும். தேவையெனில் காரணத்தை எழுத்தில் பதிந்து சபை இக்காலத்தை நீட்டிக்கலாம். 2012 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி இச்சபைக்குக் குறைந்தது பாதி உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். வேலை தேடி வெளியூர் சென்றிருக்கும் குடும்பத்திற்கு இந்த அறிவிப்பு எட்டாமற் போனால், இழப்பு ஒரு கூட்டத்தோடு நிற்பதில்லை; நிலத்தின் மீதான உரிமையே தள்ளிப் போகிறது.

2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிகழ்வையடுத்து, கல்வராயன் மலை மக்களின் சமூகப் பொருளாதார நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. சாலை, போக்குவரத்து முதலிய அடிப்படை வசதிகள் அதில் பேசப்பட்டன. சாலையும் தொடர்பு வசதியும் அறிவிப்பு முறையின் பகுதிகளே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வெள்ள எச்சரிக்கை

கோமுகி அணை

கச்சிராயபாளையம் அருகே, கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆற்றின் குறுக்கே 1960களில் கட்டப்பட்டது கோமுகி அணை. இதன் முழு உயரம் 46 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் அணையின் பாதுகாப்புக் கருதி 44 அடி அளவில் நீர்மட்டத்தை நிறுத்தி, உபரி நீரை ஆற்றில் திறந்துவிடுவது வழக்கம். மலையில் பெய்யும் கனமழை விரைவில் அணையை வந்தடைவதால், நீர்வரத்து உயர்வதற்கும் மதகு திறப்பதற்கும் இடைப்பட்ட நேரம் குறைவு.

இத்தகைய எச்சரிக்கை நீர்வளத் துறையிலிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், அங்கிருந்து வருவாய்த் துறை, காவல் துறை, உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றுக்கும் செல்கிறது. இறுதியில் கிராம நிருவாக அலுவலர், ஊராட்சிச் செயலர், பேரூராட்சிப் பணியாளர் ஆகியோர் ஒலிபெருக்கி மூலம் கரையோர மக்களிடம் சேர்க்கின்றனர். இச்சங்கிலியில் எந்த ஒரு கண்ணி தாமதித்தாலும் கடைசியில் இருப்பவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது.

சாத்தனூர் அணை, 2024

இதே மாவட்டத்தின் வடபகுதி வழியே தென்பெண்ணை ஆறு ஓடுகிறது. பேரூராட்சியான மணலூர்பேட்டையும், நகராட்சியான திருக்கோவிலூரும் அதன் கரையில் உள்ளன. இவற்றுக்கு மேற்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில், இவ்வாற்றின் குறுக்கே சாத்தனூர் அணை உள்ளது.

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்த மிகக் கனமழையால் சாத்தனூர் அணைக்கு நீர்வரத்து பெருகி, திசம்பர் 1 நள்ளிரவுக்குப் பின் வெளியேற்றம் படிப்படியாக நொடிக்கு 1.6 இலட்சம் கன அடிக்கும் மேலாக உயர்த்தப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் பெரும் பாதிப்புக்கு உள்ளாயின.

போதிய முன்னறிவிப்பின்றி அணை திறக்கப்பட்டது என எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஐந்து முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டதாகவும், அதனால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டதாகவும் அரசு விளக்கம் அளித்தது. இந்த வாதத்தில் இரு தரப்பும் பேசியது எச்சரிக்கை வெளியிடப்பட்டதா என்பதைப் பற்றியே ஆகும். ஐந்து எச்சரிக்கைகளும் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த ஆற்றங்கரை வீடுகளுக்கு எந்நேரத்தில், எந்த வழியில் சென்று சேர்ந்தன என்பதை அளக்கும் பதிவு முறை இருந்தால்தான் இத்தகைய கேள்விக்கு ஐயமற விடை காண முடியும்.

கைபேசி வழி எச்சரிக்கை

செல் ஒலிபரப்பு என்னும் முறையில், குறிப்பிட்ட அலைபேசிக் கோபுரங்களின் எல்லையில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் உரத்த ஒலியுடன் எச்சரிக்கை அனுப்ப முடியும். எண்களைத் தொகுத்து வைக்க வேண்டியதில்லை. வழிப்போக்கருக்கும் செய்தி கிடைக்கும். இந்தியாவில் இதற்கான சோதனைச் செய்திகள் 2023 இல் அனுப்பப்பட்டன. தமிழ்நாடு அரசு 2024 இல் டிஎன்-அலர்ட் என்ற செயலியையும் வெளியிட்டது. மின்தடையால் கோபுரம் செயலிழந்தால் இவ்வழிகள் பயனற்றுப் போகும் என்பதால், ஒலிபெருக்கியும் வீடு வீடாகச் சென்று சொல்வதும் தேவையாகவே உள்ளன. மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற கட்டணமில்லா எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

குடியிருப்பாளர் தகவல் பெறும் வழிகள்

* கிராம சபை, பகுதி சபை: வரவு செலவு, நடைபெறும் பணிகள், பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றை நேரில் கேட்கலாம். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதுமாறு கோரலாம்.
* தகவல் அறியும் உரிமை விண்ணப்பம்: அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். உயிர், சுதந்திரம் தொடர்பானது எனில் 48 மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் முதல் மேல்முறையீடும், அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.
* மக்கள் குறைதீர்க்கும் நாள்: திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு அளிக்கலாம்.
* காலக்கெடுவை முன்னரே அறிதல்: சில கெடுகள் அறிவிப்பு இன்றியே நிலையானவை. எடுத்துக்காட்டாக, பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். அதன்பின் தாமதத்திற்கு ஏற்பக் கட்டணமும் அலுவலர் அனுமதியும் தேவைப்படும்.

குறைபாடுகள்

உள்ளாட்சி அறிவிப்பு முறைகளில் பின்வரும் குறைபாடுகள் சுட்டிக்காட்டப்படுகின்றன.

* முடிவு அறிவிக்கப்படும் அளவிற்கு, அது எடுக்கப்படும் முன் கருத்துக் கேட்பது பரவலாக அறிவிக்கப்படுவதில்லை.
* அறிவிப்பின் மொழி அலுவலக நடையில் இருப்பதால், எந்நாளுக்குள் யார் என்ன செய்ய வேண்டும் என்பது சாதாரண வாசகருக்கு விளங்குவதில்லை.
* வாட்சப் குழுக்களில் அலுவலகச் செய்தியும் வதந்தியும் கலந்து வருகின்றன. கைபேசி இல்லாத முதியோரும், குடும்பத்தில் ஒரே கைபேசி உள்ள பெண்களும் விடுபடுகின்றனர்.
* பேரூராட்சி மக்களுக்குக் கிராம சபை போன்று பழக்கப்பட்ட, நாள் குறிக்கப்பட்ட மரபு இல்லை. பகுதி சபை அந்த இடத்தைப் பெறுவதற்கு அதன் கூட்ட நாள் ஊரறியச் செய்யப்பட வேண்டும்.
* அறிவிப்பு வெளியிட்டதற்குப் பதிவு உண்டு. சென்று சேர்ந்ததற்குப் பதிவு இல்லை. எச்சரிக்கை எந்தத் தெருவில் எந்நேரத்தில் சொல்லப்பட்டது என்பதைக் குறித்து வைக்கும் எளிய பதிவேடு இக்குறையைப் பெருமளவு நீக்கும்.

இவற்றையும் பார்க்க

* கிராம சபை
* பேரூராட்சி
* வடக்கனந்தல்
* கல்வராயன் மலை
* கோமுகி அணை
* உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்
* தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005